ஒரு தோட்டா, பதினொரு பேர்

முப்பத்திரண்டாவது துப்பாக்கிப் படத்துக்கும் பெரியவர் தலையை இடவலமாக ஆட்டினார்.

"இதுவும் இல்லையா ஐயா? பிடியைப் பாருங்க, என்ன வேலைப்பாடு! இதால சுட்டா செத்தவன் நன்றி சொல்லிட்டுத்தான் போவான்" என்றான் வாய்.

பெரியவர் சிரிக்கவில்லை. கட்டிலின் தலைமாட்டில் நின்ற மகளும் சிரிக்கவில்லை. வாய் அதற்கெல்லாம் கலங்குகிறவன் இல்லை. மூடத் தெரியாத அந்த உறுப்பின் பெயரையே மேடம் அவனுக்குச் சூட்டி ஒன்பது வருடம் ஆகிறது. அதற்கு முன் அவன் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். நோயாளிகள் அவன் பேச்சுக்குப் பயந்தே பிழைத்துக்கொண்டார்கள் என்று அவனே சொல்லிக்கொள்வான்.

மேடம் படங்களைப் பார்க்கவே இல்லை. இருபது வருடம் காப்பீட்டு நிறுவனத்தில் தீ விபத்துகளையும் திடீர்ச் சாவுகளையும் துருவியவர். இப்போது சொந்தமாக, மாடிப்படிக்கு அடியில் ஒரு துப்பறியும் அலுவலகம், அதற்கு ஒரே உதவியாள் வாய். காகிதம் எப்போதும் பிறகு, கை முதலில் என்பது அவருடைய கட்சி. பெரியவரின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை போர்வைமேல் யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரிக் கிடந்தது.

"மறுபடியும் முதல்லேர்ந்து சொல்லும்மா" என்றார் மகளிடம்.

மகள் தையல்காரி. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. முன்னறை முழுக்கப் பள்ளிச் சீருடைத் துணிகளும் வெட்டுத் துண்டுகளும்.

"அப்பா படையில இருந்தார்னு மட்டும்தான் மேடம் எனக்குத் தெரியும். யுத்தத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்லை. ரெண்டு மாசம் முன்னாடி பக்கவாதம் வந்துச்சு. பாதி உடம்பு போச்சு, முக்கால்வாசிப் பேச்சு போச்சு. அம்மா பேரே மறந்துட்டார். ஆனா இது மட்டும் வந்து உட்கார்ந்துக்கிச்சு. 'ஒரு தோட்டா, பதினொரு பேர்.' அதையே சொல்லி அழறார். எந்தத் துப்பாக்கின்னு ஞாபகம் வரலையாம். அதைத் தெரிஞ்சுக்கணுமாம். டாக்டர் மூளைக் குழப்பம்னுட்டார். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னும் சொல்லிட்டார்."

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு என்ன பொருள் என்று அறையிலிருந்த எல்லோருக்கும் தெரியும்.

"ஒரு தோட்டாவுக்குப் பதினொரு பேரா? வரிசையா நின்னு வாங்கிக்கிட்டாங்களா?" என்றான் வாய்.

"இதைத்தான் நானும் சொல்றேன்." ஆக்சிஜன் இயந்திரத்துக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்து குரல் வந்தது. மகளின் தாய்மாமா. எழுபத்து நாலு வயதிலும் முதுகு வளையாத மனிதர். தினமும் பத்து மணிக்கு வந்து அந்த நாற்காலியில் உட்காருவார், மாலையில் எழுந்து போவார். "மனுஷன் போற நேரத்துல நிம்மதியாப் போகட்டும். பழசைக் கிளறினா புழுதான் வரும்."

"நீங்களும் அதே யுத்தத்துல இருந்தீங்கன்னு சொன்னாங்க" என்றார் மேடம்.

"நான் பீரங்கிப் பக்கம். மாப்பிள்ளை காலாட்படை. அவர் கையில என்ன இருந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மேடம் கட்டிலருகே முக்காலியை இழுத்துப் போட்டார். "ஐயா, அது கனமா இருந்துச்சா?"

"கனம்."

"எத்தனை தோட்டா போடலாம்?"

ஒரு விரல் உயர்ந்தது.

"குழாய் வாய் எவ்வளவு பெரிசு?"

பெரியவரின் கண் அறையைச் சுற்றி வந்து, மேசைமேல் இருந்த டம்ளரில் நின்றது.

"டம்ளர் அளவா? அது துப்பாக்கியா, தண்ணிக் குழாயா?" என்று வாய் முணுமுணுத்தான்.

"எப்படிச் சுட்டீங்க, காட்டுங்க ஐயா."

இடது கை போர்வையை விட்டுக் கிளம்பியது. நடுங்கியது. முன்னால் நீளவில்லை. நேரே மேலே போனது, முழங்கை விறைத்து, விட்டத்தைப் பார்த்து.

"எதிரி மாடியில குடியிருந்தானா?" என்றான் வாய். மேடம் அவனைப் பார்த்த பார்வையில் அடுத்த நகைச்சுவை தொண்டையிலேயே தங்கிவிட்டது.

அது மருந்து நேரம். மகள் மூன்று புட்டிகளைக் கொண்டுவந்தாள். பெரியவர் ஒன்றை வாங்கி மூடியின் விளிம்பைக் கட்டைவிரலால் சுற்றித் தடவினார். வழவழப்பு. தள்ளிவிட்டார். அடுத்ததில் பாதி விளிம்பைக் கடைக்காரன் ஒட்டிய சீட்டு மூடியிருந்தது. தள்ளிவிட்டார். மூன்றாவதில் விளிம்பு முழுக்கக் கோடுகள். விரல் ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றது. "ம்" என்றார்.

"தினம் இதே கூத்துதான் மேடம். எந்த மருந்தானாலும் இந்த மூடியை மாட்டிக் கொடுத்தாத்தான் குடிப்பார்."

மேடம் அந்த மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திருப்பி மாட்டினார்.

முன்னறைக்கு வந்து விலாசம், தொலைபேசி எண் எல்லாம் எழுதிக்கொண்டு, விடைபெற மறுபடி உள்ளே எட்டிப் பார்த்தபோதுதான் மகள் அலறினாள்.

ஆக்சிஜன் இயந்திரத்தில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரே ஒரு விளக்கு உண்டு. காற்று சரியாகப் போனால் பச்சை, தடைபட்டால் சிவப்பு. வாடகை இயந்திரம், எச்சரிக்கை மணி எப்போதோ செத்துப்போயிருந்தது. இப்போது விளக்கு சிவந்திருந்தது. தாய்மாமாவின் நாற்காலிக் காலுக்கு அடியில் குழாய் நசுங்கிக் கிடந்தது. பெரியவரின் உதடு நீலம் பாரித்திருந்தது. மாமா ஒரு முழம் தள்ளி, விளக்கைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

வாய் பாய்ந்து நாற்காலியைத் தூக்கினான். பழைய ஆம்புலன்ஸ்காரனின் கை, பேச்சில்லாமல் வேலை செய்தது. இரண்டு நிமிடத்தில் பெரியவருக்கு மூச்சு சீரானது.

"மாமா! கண்ணுக்கு முன்னாடிதானே எரியுது!"

"நான் பார்த்துக்கிட்டுத்தாம்மா இருந்தேன். நல்லாத்தானே எரிஞ்சுது..." மாமா மறுபடி விளக்கைப் பார்த்தார்.

"பார்த்துக்கிட்டு இருந்தாராம்" என்றான் வாய், படியிறங்கும்போது. "வயசானா கண்ணு திறந்திருக்கும்போதே தூக்கம் வரும்போல."

"அவர் தூங்கல" என்றார் மேடம். வண்டியைப் பூட்டுக் கடைத் தெருவுக்கு விடச் சொன்னார்.

* * *

பூட்டு ரிப்பேர் கடை. உள்ளே ஆயிரம் சாவிகளுக்கு நடுவே ஓர் எண்பது வயதுக்காரர். ஒரு காலத்தில் படையின் ஆயுதக் கிடங்கில் பழுது பார்த்தவர்.

"இடது காதுல பேசுங்க. வலது காதைப் படைக்குக் கொடுத்தாச்சு" என்றார்.

மேடம் இடது பக்கம் போய் நின்றார். "ஒரே தோட்டா. டம்ளர் மாதிரி வாய். வானத்தைப் பார்த்துச் சுடணும். என்ன துப்பாக்கி?"

கடைக்காரர் அரத்தைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "அது துப்பாக்கியே இல்லம்மா, தபால்காரன். சிக்னல் பிஸ்டல்னு சொல்லுவோம். சுட்டா மேலே போய்க் கலர் வெளிச்சமா விரியும். தூரத்துல இருக்கிறவனுக்குச் சேதி போகும். அதால ஒரு காக்காயைக்கூடக் கொல்ல முடியாது."

"பதினொரு பேர் செத்திருக்காங்க."

சிரிப்பு நின்றது. "தபால்காரன் கொல்ல மாட்டான். தபால் கொல்லும்" என்றார் மெதுவாக.

"எத்தனை நிறம்?"

"எங்க காலத்துல மூணு. சிவப்பு, பச்சை, வெள்ளை."

"இருட்டுல எது எதுன்னு எப்படித் தெரியும்? தீக்குச்சி கிழிச்சுப் பார்ப்பாங்களா?" என்றான் வாய்.

"கிழிச்சா எதிரியும் பார்ப்பான், தம்பி." அவர் எழுந்து அலமாரியிலிருந்து மூன்று பித்தளைக் குப்பிகளை எடுத்தார். திருகாணி போட்டு வைத்திருந்ததைக் கவிழ்த்துக் கொட்டினார். சுட்டுத் தீர்ந்த தோட்டாக்களின் உறைகள். மேலே பூசியிருந்த சாயம் எப்போதோ போயிருந்தது. "கண்ணை மூடு. அடி விளிம்பைத் தடவு."

வாய் கண்ணை மூடித் தடவினான். "இது முழுக்கச் சொரசொரன்னு இருக்கு. இது... பாதி சொரசொர, பாதி மொழுமொழு. இது மொத்தமும் மொழுமொழு."

"முழுசாக் கோடு போட்டிருந்தா சிவப்பு. பாதி இருந்தா பச்சை. ஒண்ணும் இல்லைன்னா வெள்ளை. சிக்னல்காரனுக்குப் பயிற்சியே இதுதான். மூணு மாசம் ராத்திரியும் பகலும் தடவிக்கிட்டே இருக்கணும். அப்புறம் மூளை மறந்தாலும் விரல் மறக்காது."

வாய் கண்ணைத் திறந்தான். முகத்தில் கேலி இல்லை. "மேடம்... மருந்துப் புட்டி மூடி."

"இப்பதான் உனக்கு மூளையில ஆக்சிஜன் போகுது" என்றார் மேடம். "ஐயா, இந்த மூணையும் ஒரு நாளைக்கு இரவல் தர முடியுமா?"

* * *

மறுநாள் காலை பெரியவர் இன்னும் இளைத்துத் தெரிந்தார். மாமா கடைத்தெருவுக்குப் போயிருந்தார். மேடம் ஓர் உறையை எடுத்து அந்த இடது உள்ளங்கையில் வைத்தார்.

கட்டைவிரல் தானாகப் போய் விளிம்பில் உட்கார்ந்தது.

பெரியவரின் முகம் என்னவோ ஆயிற்று. நெடுநாள் துருப்பிடித்த கதவை வெளியிலிருந்து யாரோ தோளால் முட்டுகிற மாதிரி. "சிக்... சிக்னல்" என்றார். "சிக்னல் பிஸ்டல்."

"அதேதான் ஐயா. அது ஆளைக் கொல்ற துப்பாக்கியே இல்லை. நீங்க யாரையும் சுடலை" என்று வாய் குதூகலமாகச் சொன்னான். ஒரு நோயாளிக்கு நல்ல செய்தி சொல்கிற சந்தோஷம் அவனுக்கு.

ஆனால் பெரியவர் அழ ஆரம்பித்தார். துப்பாக்கி திரும்பி வந்ததும் அதன் பின்னாலேயே மற்றதெல்லாம் வந்துவிட்டது.

ஒவ்வொரு சொல்லாக, ஒவ்வொரு மூச்சுக்கு ஒன்றாக அவர் சொன்னார். மகள் விட்ட இடத்தை ஊகித்துச் சொல்ல, அவர் தலையாட்டினார். விடியாத நேரம். பன்னிரண்டு பேர் ஒரு குன்றின்மேல் ஏறுகிறார்கள். அவர்களுக்கு வழி திறக்க, பின்னாலிருந்து அவர்களுடைய சொந்தப் பீரங்கிகளே குன்றின் உச்சியைத் தாக்கிக்கொண்டிருக்கின்றன. எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே உச்சிக்கு வந்துவிட்டார்கள். வந்துவிட்டோம், நிறுத்து என்றால் சிவப்பு. இன்னும் வரவில்லை, அடி என்றால் பச்சை. கடைசி ஆளாக வந்த சிக்னல்காரனுக்கு அப்போது இருபத்து நாலு வயது. தோட்டாவைத் தடவி எடுத்தான், போட்டான், வானத்தைப் பார்த்துச் சுட்டான். அது மேலே போய் விரிவதற்குள் பக்கத்திலேயே ஒரு குண்டு விழுந்தது. அதற்குப் பிறகு மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில்தான் அவன் கண் விழித்தான். பதினொரு பேரும் போயிருந்தார்கள். ஓர் அதிகாரி காகிதத்தை நீட்டினார். நீ சுட்டது பச்சை.

"கையெழுத்து... போட்டேன்" என்றார் பெரியவர்.

மகள் கட்டில் பக்கம் குனிந்தாள். அவள் பிறந்ததிலிருந்து ஒரே வீட்டில், ஒரே மேசையில் கூடச் சாப்பிட்ட மனிதர். "அப்பா, அம்மாவுக்குத் தெரியுமா?"

தலை ஆடியது. தெரியும்.

"பச்சைன்னு யார் சொன்னாங்க? யார் பார்த்தது?" என்றார் மேடம்.

"மச்சான்."

மகள் தாய்மாமாவின் காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள்.

"பீரங்கிகிட்ட. காவல். வானத்தைப் பார்க்கிற வேலை." பெரியவர் மூச்சு வாங்கினார். "மச்சான் பொய்... சொல்ல மாட்டான்."

"சொல்லியிருக்க மாட்டார்" என்றார் மேடம். "ஐயா, கண்ணை மூடிக்குங்க. மூணு தோட்டா தரேன். அன்னைக்கு எதைப் போட்டீங்களோ அதை மட்டும் என்கிட்டே கொடுங்க."

வழவழப்பு, தள்ளினார். பாதி, அதையும் தள்ளினார். மூன்றாவதைக் கட்டைவிரல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது. "ம்" என்று நீட்டினார்.

"மேடம்" என்றான் வாய். "அது சிவப்பு."

"இல்ல!" பெரியவர் கண்ணைத் திறந்து கத்த முயன்றார். "பச்சை. எழுதிட்டாங்க. பச்சை."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மாமா தக்காளிப் பையுடன் உள்ளே வந்து, கட்டில்மேல் கிடந்த பித்தளை உறைகளைப் பார்த்தார். பையைக் கீழே வைக்க மறந்து அப்படியே நின்றார்.

மேடம் மகளிடம் திரும்பினார். "உன் வெட்டுத் துணியில ரெண்டு துண்டு கொண்டு வாம்மா. ஒரே துணி. ஒண்ணு சிவப்பு, ஒண்ணு பச்சை."

அவள் கொண்டுவந்தாள். மேடம் இரண்டையும் போர்வைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். "சார், நீங்க அன்னைக்கு வானத்துல பார்த்த நிறத்தைத் தொட்டுக் காட்டுங்க, போதும்."

மாமா துணிகளைப் பார்த்தார். ஒருமுறை மேடத்தைப் பார்த்தார். தப்பிக்க ஒரு பொய் வேண்டியிருந்தால் அவருக்கு நேரம் இருந்தது. அதை எடுத்துக்கொள்ளவில்லை. களைத்துப்போயிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"ரெண்டும் எனக்கு ஒண்ணுதாம்மா" என்றார்.

மகளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு நூல்கண்டு ஞாபகம் வந்தது. சிவப்பு நூல் வாங்கிவரச் சொன்னால் பச்சையைக் கொண்டுவருவார். கேட்டால் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்பார். எத்தனை வருடம் அந்தக் கடைக்காரனைத் திட்டியிருக்கிறாள்! நேற்று சிவந்து எரிந்த விளக்கும் நினைவுக்கு வந்தது.

"படையில கண்ணைச் சோதிப்பாங்களே?" என்றான் வாய்.

"புள்ளி புள்ளியா படம் காட்டி, உள்ளே என்ன நம்பர்னு கேட்பாங்க. எனக்கு முன்னாடி உள்ளே போனவன்கிட்ட கேட்டு மனப்பாடம் பண்ணிக்கிட்டேன். எனக்கு அந்த வேலை வேணும். வீட்டுல ஆறு வயிறு." மாமா இப்போது பெரியவரைப் பார்த்துப் பேசினார். "வெளிச்சம் வந்துச்சு மாப்பிள்ளை. பச்சைன்னு தோணுச்சு. பச்சைன்னு கத்தினேன். சத்தியமா அப்போ பொய் சொல்லலை."

"அப்போ சொல்லலை. விசாரணையில?" என்றார் மேடம்.

மாமா தக்காளிப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "சந்தேகம் இருந்துச்சு. இல்ல... தெரிஞ்சுது. ஆனா சொன்னா என்னைச் சுவத்தோரமா நிறுத்திச் சுட்டிருப்பாங்க. ஏமாத்திச் சேர்ந்தவன், பதினொரு பேரைக் கொன்னவன். மாப்பிள்ளை பிழைக்க மாட்டான்னு டாக்டர் சொன்னார். சாகப் போறவன் மேல போட்டா யாருக்கும் பாதகமில்லைன்னு நினைச்சேன்." அவர் பார்வை கட்டிலுக்குப் போனது. "அவன் பிழைச்சுட்டான்."

பெரியவர் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதுக்கப்புறம் நான் சும்மா இருக்கலம்மா. தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். படையிலேர்ந்து துரத்தினப்போ ஊரே காறித் துப்புச்சு, நான் ஒருத்தன்தான் பக்கத்துல நின்னேன். என் கூடப்பிறந்த தங்கச்சியையே கொடுத்தேன்..."

"அபராதம் கட்டுற மாதிரி எங்கம்மாவைக் கட்டிக் கொடுத்தீங்களா மாமா?"

மகள் இதைச் சத்தமாகக் கேட்கவில்லை. கழுத்திலிருந்த அளவு நாடாவை உருவிக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள், விரல் வெளுக்கும்வரை. "அப்போ நான் யாரு? மிச்சமா?"

மாமா அப்போதுதான் தக்காளிப் பையைத் தரையில் வைத்தார்.

வாய் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். நல்ல சேதி சொல்லலாம் என்று இன்னும் அவனுக்கு ஒரு நப்பாசை. பெரியவரின் பக்கம் குனிந்தான். "ஐயா, கேட்டீங்களா? நீங்க சரியாத்தான் சுட்டீங்க. உங்க மேல தப்பே இல்லை. இனிமே..."

"ஒரு அம்மா வந்தாங்க" என்றார் பெரியவர்.

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"செத்தவன் அம்மா. வாசல்ல வந்து... அறைஞ்சாங்க. நான் வாங்கிக்கிட்டேன்." மூச்சுக்காகக் காத்திருந்தார். கண் மச்சானைவிட்டு விலகவில்லை. "அது யாரோட அறை?"

மாமா முன்னால் வந்து கட்டிலோரம் மண்டியிட்டார். கன்னத்தைப் பெரியவரின் இடது கைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். கை அசையவில்லை. அடிக்கவும் இல்லை, தடவவும் இல்லை. விரல்கள் மட்டும் மெல்ல உள்ளே மடங்கிக்கொண்டன, படாமல் இருப்பதற்காக.

"எழுது" என்றார் பெரியவர் வாயிடம்.

"என்ன ஐயா?"

சொல்ல ஆரம்பித்தார். ஒரு பெயர், ஒரு தெரு, ஒரு கதவு எண். அடுத்த பெயர், அடுத்த தெரு. சொந்த மனைவியின் பெயரைத் தொலைத்த நாக்கு பதினொரு விலாசத்தைத் தடங்கலில்லாமல் சொன்னது. படையிலிருந்து வந்த முதல் வருடம் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் அவர் போயிருந்தார் என்பது அப்போதுதான் மகளுக்குத் தெரிந்தது. சில கதவுகள் திறந்தன, சில திறக்கவில்லை. திறந்த ஒவ்வொன்றிலும் அவர், நான்தான் அந்தப் பச்சையைச் சுட்டவன் என்று சொல்லியிருக்கிறார்.

பதினோராவதை எழுதி முடித்ததும் பெரியவர் மச்சானைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னார்.

"போ."

"மாப்பிள்ளை, நாற்பத்தாறு வருஷம். இப்போ அங்கே யார் இருக்கப் போறாங்க? நான் உன் பக்கத்துலயே..."

பெரியவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மகள் தரையில் கிடந்த தக்காளிப் பையை எடுத்து மாமாவின் கையில் கொடுத்தாள். "எல்லாமே காய் மாமா. ஒண்ணுகூடப் பழுக்கலை. எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

* * *

பட்டியலில் முதல் வீடு ஒரு மணி நேரத் தொலைவில் இருந்தது. வாய் வண்டி ஓட்டினான். மேடம் முன்னால், மாமா பின்னால். வழியில் வாய் ஒரு வார்த்தை பேசவில்லை. மேடம் இரண்டு முறை திரும்பி அவனைப் பார்த்தார், உடம்புக்கு ஏதாவதா என்பதுபோல.

தெரு அதேதான், வீடு மாறியிருந்தது. கீழே ஒரு சலவைக் கடை, மேலே குடியிருப்பு. மாமா சட்டையைச் சரிசெய்துகொண்டு, கைப்பிடியைப் பிடித்துப் படியேறினார். மேடமும் வாயும் கீழேயே நின்றார்கள். பேச்சு காதில் விழுகிற தூரம்தான்.

கதவைத் திறந்தவளுக்கு முப்பது வயதிருக்கும். இடுப்பில் குழந்தை, கையில் ஈரம்.

மாமா பெயரைச் சொன்னார்.

"அது எங்க தாத்தாவோட தம்பியா இருக்கும். யுத்தத்துல செத்துட்டாருன்னு சொல்லுவாங்க. ஒரு போட்டோகூட இருந்துச்சு, வீட்டை இடிச்சுக் கட்டினப்போ எங்கேயோ போயிடுச்சு. நீங்க யாரு?"

மாமா சொன்னார். விடியற்காலை, குன்று, வானத்தில் விரிந்த வெளிச்சம், தன் கண், தான் மறைத்தது எல்லாம். ஓரிடத்தில் தடுமாறினார், ஆனால் எதையும் விடவில்லை. என் தப்புத்தாம்மா, மன்னிச்சிருங்க என்று கைகூப்பினார். குழந்தை அவருடைய கண்ணாடியைப் பிடிக்கக் கை நீட்டியது.

"ஐயோ, கையை எடுங்க. பெரியவங்க எதுக்கு இப்படியெல்லாம்? பரவாயில்லைங்க" என்றாள் அவள். "என்னைக்கோ நடந்தது. வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிக்கிறீங்களா?"

குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். அவள் புன்னகைத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள். மொத்தமாக மூன்று நிமிடம் ஆகியிருக்கும்.

இறங்கி வந்தபோது மாமாவின் நடை ஏறிப்போனபோது இருந்த மாதிரி இல்லை. வண்டியில் உட்கார்ந்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். அந்த முகத்தில் ஓர் இளக்கம், கிட்டத்தட்ட ஒரு வெளிச்சம். வாய் அதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு உடனே பார்வையை எடுத்துக்கொண்டான்.

"நல்ல பொண்ணு" என்றார் மாமா. "பரவாயில்லைன்னு சொல்லிடுச்சு."

மேடம் பட்டியலில் இரண்டாவது விலாசத்தைப் படித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"அதை மட்டும் அந்த அறையை வாங்கின உங்க மாப்பிள்ளைகிட்ட போய்ச் சொல்லிடாதீங்க சார்."